உப்புக்கு மட்டும் கடைக்குப் போகிற வீடு

1

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவருடைய மைத்துனருக்கு மலாய் நாட்டுக்கு வந்து பிழைக்கலாமா என்று ஒரு யோசனையாம். கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு விவரம் தெரிந்தால் போதுமாம்: ஈப்போ பட்டணத்தில் ஒரு குடும்பம் வாரா வாரம் சாப்பாட்டுச் சாமான் வாங்க எவ்வளவு செலவு ஆகும்? "உள்ளதை உள்ளபடி எழுதவும்" என்று சொல்லி அதன் கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறார்.

கோடு இழுக்காமல் இருந்தால் ஒரு வரியில் பதில் எழுதியிருப்பேன். கோட்டினால் வந்தது இந்த நீளம். நண்பருக்குத் தனியாக எழுதாமல் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். இதே யோசனையோடு இன்னும் சில மைத்துனர்கள் அந்தப் பக்கத்தில் இருக்கக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடும்பம் மார்க்கெட்டுக்குப் போகிற காட்சியை அவர்கள் பார்க்க வேண்டும். முன்னால் என் மகள் சரசு. சீனர் கடையில் மலாய் பாஷையில் பேரம் பேசுவது அவள் இலாகா. மலாயில் அவள் கொட்டுகிற வார்த்தைகளைக் கேட்டால் எனக்கு மலைப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்து தமிழ் பேசும்போது மட்டும் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு கொடுக்க வேண்டியிருப்பதுபோல் சிக்கனம் பிடிப்பாள். அடுத்தது என் மனைவி பாவாயி. கத்திரிக்காயை முகர்ந்து பார்த்துவிட்டு, அது ஏதோ தப்பு செய்ததுபோல் திருப்பி வைப்பாள். பிறகு என் மகன். ரொட்டிக் கடையைத் தாண்டி அவன் கால் நகராது. எப்போதாவது ராகிமாவு கிடைத்து வீட்டில் களி கிண்டினால், நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை ஒட்ட இதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று மரியாதையாகக் கேட்கிற பிள்ளை. எல்லோருக்கும் பின்னால், இரண்டு கையிலும் பையோடு, ஈயச் சுரங்கக் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தாவாகிய நான். ஆபீசில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதம் நகராது. மார்க்கெட்டில் நான் நகருவதற்கே பாவாயியின் உத்தரவு வேண்டும்.

நண்பர் கேட்ட இதே கேள்வியைப் போன வருஷம் எங்கள் கம்பெனியும் கேட்டது. அதற்கு என் வீட்டுக் கூடத்தில் சொல்லப்பட்ட பதிலினால் கம்பெனியின் தமிழ்ச் சிப்பந்திகள் அத்தனை பேருடைய பஞ்சப்படியும் பறிபோயிற்று. ஆகவே இரண்டாவது தடவை பதில் சொல்லும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகச் சொல்கிறேன்.

2

முதலில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சேலம் ஜில்லாவின் மேற்குப் பக்கத்தில், காடும் (மழையை நம்பி விதைக்கிற நிலத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்) தோட்டமும் வைத்திருக்கிறவர்களுக்குச் சந்தை என்பது விற்பதற்கு ஏற்பட்ட இடம். வாங்குவதற்கு அல்ல. உப்பு வாங்கலாம், அது காட்டில் விளையாது. சீரகம், மிளகு வாங்கலாம். புகையிலை வாங்கினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் கம்போ, சோளமோ, துவரையோ ஒருவர் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனார் என்றால், அவர் வண்டி ஊர் எல்லையைத் தொடுவதற்கு முன்னால் அவர் சேதி வீடு வீடாகப் போய்விடும். "வாங்கித் திங்கற ஊடு" என்று ஒரு பேச்சு உண்டு. பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்கிற இடத்தில் அந்த மூன்று வார்த்தை விழுந்தால், தாம்பூலத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. எங்கள் வீட்டுத் தானியக் குதிரில் கையை விட்டால் அடி தட்டியது. அப்பா சோளம் வாங்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். திருச்செங்கோட்டுச் சந்தையில் வாங்கினால் ஊரே பார்க்கும். சங்ககிரியில் சொந்தக்காரர்கள். ஆகவே வண்டியைக் கட்டிக்கொண்டு தெரிந்தவர் ஒருத்தரும் இல்லாத ஓமலூர்ச் சந்தைக்குப் போனார். போகிற வழியில் வேறு சந்தைகளில் சோளம் குவிந்து கிடந்ததை முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டினார்.

ஓமலூரில் சோளக் குவியலுக்கு முன்னால் சாக்கைப் பிரித்துக்கொண்டு நின்றபோது, எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் சாக்கைப் பிரித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊர் மேலத்தோட்டத்துக்காரர்.

இருவரும் ஒரே சமயத்தில், மாடு பார்க்கலாமென்று வந்ததாகச் சொன்னார்கள். சொன்ன பிறகு மாடு பார்க்காமல் இருக்க முடியுமா? சேர்ந்தே மாட்டுச் சந்தைப் பக்கம் நடந்தார்கள். ஒருவர் பல்லைப் பிடித்துப் பார்த்தால் மற்றவர் வாலைப் பிடித்துப் பார்த்தார். ஒருவர் துண்டுக்குள் கையைப் போட்டு விலை பேசினால் மற்றவரும் துண்டை விரித்தார். பொழுது சாய்கிற நேரத்தில், சோளத்துக்குக் கொண்டுபோன பணத்தில் ஆளுக்கொரு எருதை ஓட்டிக்கொண்டு இருவரும் ஊருக்குக் கிளம்பினார்கள்.

அந்தப் பஞ்சத்தில் எங்கள் வீட்டுக் கஞ்சி நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. எருதை வந்து பார்த்தவர்கள், பஞ்சத்திலும் மாடு பிடிக்கிற வீடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு அதிலேயே வயிறு நிறைந்தது. மற்றவர்களுக்கு நிறையவில்லை. இதுவரைக்கும் நான் வாசித்த பொருளாதாரப் புத்தகம் ஒன்றிலும் இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று சொல்லவில்லை.

3

சீமையில் சண்டை ஆரம்பித்தது. குண்டு அங்கே விழுந்தது, அரிசி விலை இங்கே ஏறியது. சிப்பந்திகள் எல்லோருமாகச் சேர்ந்து பஞ்சப்படி வேண்டுமென்று மனுக் கொடுத்தோம். மனுவின் இங்கிலீஷ் என்னுடையது. படித்தால் கல்லும் கரையும் என்று நானே இரண்டு பேரிடம் சொல்லிவைத்தேன்.

கம்பெனி கரையவில்லை, விசாரித்து முடிவு செய்வதாகச் சொன்னது. ஒவ்வொரு இனத்துக் குடும்பமும் வாரத்துக்கு உணவுப் பொருள் வாங்க என்ன செலவு செய்கிறது என்று நேரில் கேட்டு எழுத ஒரு சின்னத் துரை வந்தார். மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்த, நல்ல பிள்ளை. தமிழர்களில் எந்த வீட்டுக்குப் போகலாம் என்று ஆபீசில் பேச்சு வந்தபோது, என் வீட்டுக்கு வரலாமே என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான். புதிதாகத் திரைச்சீலை தைத்து மாட்டியிருந்தோம். என் புத்தக அலமாரியைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் இதுவரை வந்ததில்லை என்ற குறையும் இருந்தது.

துரை வந்து உட்கார்ந்தார். அலமாரியைப் பார்க்கவில்லை. நான் மொழிபெயர்க்க நின்றேன். பாவாயி கதவோரம் நின்றாள். எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கும், அந்தச் சமயம் பார்த்து அடுத்த வீட்டு முத்தாயி வேடிக்கை பார்க்க வராமல் இருந்திருந்தால்.

முத்தாயி எங்கள் ஸ்டோர் குமாஸ்தா நாச்சிமுத்துவின் மனைவி. ராசிபுரத்துப் பக்கம். நல்ல பெண்தான். ஆனால் அவள் எதிரில் பாவாயி எதையும் விட்டுக்கொடுத்துப் பேசியதாகச் சரித்திரமே இல்லை.

துரை கேட்டார்: வாரத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்க எவ்வளவு ஆகிறது?

எனக்குத் தெரியும், இந்த ஊர்ப் பணத்தில் எட்டு வெள்ளிக்குக் குறையாது. சரசுவுக்குத் தெரியும். கேள்வியைத் தமிழில் சொன்னேன். பாவாயி ஒரு தடவை முத்தாயியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"பெருசா ஒண்ணும் வாங்கறதில்லீங்க. உப்பு, சீரகம், அப்பறம் என்னமாச்சும் காயி. அரிசி பருப்பெல்லாம் ஊர்லருந்தே வந்துருதுங்க."

ஊரிலிருந்து எங்களுக்கு வருவது வருஷத்துக்கு ஒரு தகர டப்பா மிளகாய்ப் பொடி. அதிலும் பாதி, சுங்கத்தில் திறந்து பார்க்கிறவர்களின் தும்மலாகப் போய்விடும்.

முத்தாயி சும்மா இருப்பாளா? தன்னை யாரும் கேட்காமலே, தன் வீட்டில் உப்புக்கூடக் கடையில் வாங்குவதில்லை, ஒரு மூட்டை வந்தால் வருஷம் முழுவதும் கிடக்கிறது என்றாள். துரை அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார். உடனே பாவாயி, காய்கறிகூடப் பாதிக்குமேல் புழக்கடையிலேயே விளைகிறது என்றாள். துரை எட்டிப் பார்த்தார். புழக்கடையில் ஒரு கறிவேப்பிலைச் செடியும் என் சைக்கிளும் நின்றன. தோட்டம் உண்டு என்று எழுதிக்கொண்டார். முத்தாயி, தேங்காய்க்குத் தாங்கள் காசு கொடுத்ததே இல்லை என்றாள். ஏலக் கடையில் விலை ஏறிக்கொண்டே போகும். என் வீட்டுக் கூடத்தில் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் இரண்டு குடும்பமும் ஈப்போ நகரத்தில் காற்றைக் குடித்து வளர்கின்றன என்று ஆகிவிட்டது.

துரைக்கே சந்தேகம் வந்து, இங்கிலீஷ் தெரிந்த பெண்ணாயிற்றே என்று சரசுவைப் பார்த்து, இது நிஜம்தானா என்று கேட்டார். சரசு கான்வென்டில் படிக்கிறவள். உண்மையே பேசு என்று அங்கே தினமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தாள். "ஆமாம், சார்" என்றாள்.

நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று வாசகர்கள் கேட்பார்கள். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சொன்னதைச் சொன்னபடி, நல்ல இங்கிலீஷில். உள்ளதைச் சொன்னால், எனக்கு வாங்கித் திங்கிற வீட்டில் பிறந்த உணர்ச்சி வந்துவிடும் போலிருந்தது. தவிரவும், எங்கள் பக்கத்தில் ஒருவர் தன் வீட்டுச் செலவைப் பற்றிச் சொன்னால் கேட்கிறவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டார். தேவையான அளவுக்குப் பெருக்கிக்கொள்வார். அது கேட்கிறவர் பொறுப்பு. சொன்னதைச் சொன்னபடியே நம்பி எழுதிக்கொண்டு போகிற மனிதரும் உலகத்தில் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

4

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. சீனச் சிப்பந்திகளுக்குப் பஞ்சப்படி உண்டு. பஞ்சாபிக் காவற்காரர்களுக்கு உண்டு. தமிழ்க் குடும்பங்கள் உணவுப் பொருளை வெளியில் வாங்குவது மிகவும் சொற்பம் என்று விசாரணையில் தெரிவதால் அவர்களுக்கு இப்போதைக்குத் தேவைப்படவில்லை. அந்த உத்தரவை டைப் அடித்து ஒட்டுகிற வேலையும் தலைமைக் குமாஸ்தாவுடையது.

ஆபீசில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், போனால் தொடர்ந்தார்கள். பியூன் ஆறுமுகம் மாத்திரம் என் மேஜைக்கு வந்து நின்றான். ஓமலூர்ப் பக்கம், சொந்தமாக ஒரு முழம் நிலம் இல்லாத குடும்பம். இங்கே பிள்ளைகள் நிறைய. பஞ்சப்படி கிடைக்காவிட்டால் மனைவி மக்களை ஊருக்குக் கப்பலேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை, ஏற்றிவிட்டால் திரும்பக் கூப்பிட வசதி வராது என்றான். புகாராகச் சொல்லவில்லை. கப்பல் டிக்கெட்டுக்கு முன்பணம் கேட்கிற மனு எப்படி எழுதுவது என்று கேட்க வந்திருந்தான்.

வீட்டில் பாவாயியிடம் சொன்னேன். துரைக்கு அறிவு எங்கே போயிற்று, இங்கே காடா இருக்கிறது, இவ்வளவு பேர் உப்பை மட்டும் தின்று எப்படி இருப்பார்கள் என்று அவர் யோசித்திருக்க வேண்டாமா என்றாள். இதே நியாயத்தைத்தான் நானும் ஆபீசில் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பதிகளுக்குள் இவ்வளவு ஒற்றுமை அபூர்வம்.

மறுநாள் ஆறுமுகத்தின் மனைவி பழனியம்மாள் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு பாத்திரம். வாசலிலேயே நின்று சொன்னாள்:

"ரெண்டு படி அரிசி கைமாத்தாக் குடுப்பீங்களாம்மா? நீங்க கடைக்கே போறதில்லீன்னு சொன்னாங்க. அப்படீன்னா உங்கூட்ல நெறையக் கெடக்குமுன்னு வந்தனுங்க."

அவள் குத்திச் சொன்னாளா, நிஜமாகவே நம்பிச் சொன்னாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் இல்லை. பாவாயி அளந்து போட்டாள். எங்கள் பக்கத்தில் தானியம் கைமாற்றுக் கேட்டு வாசலில் நிற்கிறவளை இல்லை என்று அனுப்புவதில்லை. அனுப்பினால் அதற்கும் ஒரு பேச்சு உண்டு.

பழனியம்மாள் நம்பி வந்தாளோ என்னவோ, அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் நம்பி வரவில்லை. அந்த வாரம் முழுவதும் குமாஸ்தாக்களின் மனைவிமார் ஒருவர் பின் ஒருவராகப் பாத்திரத்தோடு வந்தார்கள். எல்லோரும் மிக மரியாதையாகப் பேசினார்கள். உங்கள் ஊர்ப் பருப்பு கொஞ்சம் கிடைக்குமா? கப்பலில் வந்த புளி ருசி பார்க்கலாமா? புழக்கடைக் கத்திரிக்காய் ஒரு கூடை இருந்தால் போதும். பாவாயி எல்லோருக்கும் கொடுத்தாள். முன்வாசலில் கொடுத்ததைப் பின்வாசல் வழியாகச் சரசு சீனர் கடையிலிருந்து கொண்டுவந்து நிரப்பினாள். வீட்டில் கல்யாணமா என்று கடைக்காரர் விசாரித்தாராம். நண்பர் வாரச் செலவு கேட்டிருக்கிறார் அல்லவா? அந்த வாரத்துச் செலவை எழுதினால் அவருடைய மைத்துனர் ஊரைவிட்டு அசையமாட்டார்.

முத்தாயி வீட்டுக்கும் கூட்டம் போயிற்று. அவள் கதவைச் சாத்திக்கொண்டு தலைவலி என்று படுத்துவிட்டாள்.

வாரக் கடைசியில் பழனியம்மாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கேட்க அல்ல. வாங்கிப்போன இரண்டு படியைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். கப்பலுக்கு நாள் பார்த்தாகிவிட்டது, கைமாற்று வைத்துவிட்டுப் போகக்கூடாது என்று சொல்லி, தன் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கொட்டி, ஒட்டியிருந்த அரிசியையும் விரலால் தட்டிவிட்டுப் போனாள்.

பாவாயி அந்த அரிசியை எடுத்து உள்ளே வைக்கவில்லை. வெகுநேரம் முறத்திலேயே கிடந்தது.

5

மறுநாள் காலையில் பாவாயி துவைத்த சேலை கட்டிக்கொண்டு, துரை ஆபீசில் இருப்பாரா என்று கேட்டாள். நானே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொன்னது நானுங்க. நீங்க போய்ச் சொன்னா, படி கெடைக்கோணுமுன்னு மாத்திச் சொல்றீங்கன்னுதான் நெனப்பாங்க."

போகிற வழியில் முத்தாயி வீட்டுக் கதவைத் தட்டினாள். முத்தாயி தலையில் பற்றோடு வந்து நின்றாள்.

"வா அம்மிணி. நீ ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல நின்னு கேட்டாப் போதும்."

முத்தாயி என் முகத்தைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். பற்றைத் துடைத்துக்கொண்டு அவளும் வந்தாள்.

துரை எழுந்து நாற்காலி காட்டினார். பாவாயி உட்காரவில்லை. அவரைப் பார்த்தும் பேசவில்லை, என்னைப் பார்த்தும் பேசவில்லை. முத்தாயியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நாங்க வாங்கித்தான் திங்கறமுங்க. அரிசி, பருப்பு, மொளகா, உப்பு மொதக்கொண்டு எல்லாமே காசு குடுத்துத்தான். ஒரு வாரம் கடைக்குப் போகாட்டி எங்கூட்ல அடுப்பு எரியாதுங்க."

முத்தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, "எங்கூட்லயும் அப்படித்தானுங்க அக்கா" என்றாள். அவள் பேசவேண்டியதில்லை என்றுதான் ஏற்பாடு.

இதை மொழிபெயர்க்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வாங்கித் தின்கிறோம் என்பது இங்கிலீஷில் மிகச் சின்ன வாக்கியம். பள்ளிக்கூடத்தில் முதல் பாடத்தில் வரும். ராணுவ ரகசியத்தைச் சொல்கிற குரலில் அதைச் சொன்னேன். துரை பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். மேலே ஏதோ வரப்போகிறது என்று நினைத்திருக்கிறார். ஒன்றும் வராததைக் கண்டு, அது சரி, எல்லோரும் வாங்கித்தானே சாப்பிடுகிறோம், எவ்வளவு ஆகிறது என்று கேட்டார். பாவாயி எட்டு வெள்ளிக் கணக்கையும் சாமான் சாமானாக ஒப்பித்தாள். அவர் பழைய காகிதத்தை அடித்துவிட்டு வேறு எழுதினார். அவ்வளவுதான். நாங்கள் உள்ளே போன நேரத்துக்கும் வெளியே வந்த நேரத்துக்கும் நடுவில் அவருடைய டீகூட ஆறியிருக்காது.

பஞ்சப்படி வந்தது. மனுவில் கேட்டதில் பாதி. என் இங்கிலீஷுக்கு அவ்வளவுதான் மதிப்பு. ஆறுமுகம் டிக்கெட் மனுவைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டான். பழனியம்மாள் இங்கேதான் இருக்கிறாள். நண்பருக்குப் பதில்: இப்போதைய விலையில் வாரத்துக்கு ஒன்பது வெள்ளி செலவு ஆகும். மைத்துனர் அதை ஈடுகட்டுகிற சம்பளத்தோடு, அதை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு பெண்ணையும் கல்யாணம் செய்துகொண்டு வந்தால் நல்லது. இரண்டாவது, முதலாவதைவிடக் கிடைப்பது அரிது.

அன்று ஆபீசை விட்டு வெளியே வந்ததும் பாவாயி நடையை நிறுத்திவிட்டு, தான் சொன்னதைக் கேட்டுத் துரை முதலில் என்ன சொன்னார் என்று கேட்டாள். வேறு ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். இந்த விவகாரத்தில் மாற்றிச் சொன்னது போதும் என்று தோன்றியது. துரை வீட்டிலும் வாங்கித்தான் சாப்பிடுகிறார்களாம், அவர்கள் எல்லோருமே அப்படித்தானாம் என்றேன்.

அவள் திரும்பி ஆபீஸ் மாடியைப் பார்த்தாள். கொடி பறந்துகொண்டிருந்தது.

"பாவம்" என்றாள். "இத்தன ஊரப் புடிச்சு வெச்சிருக்கறாங்க. அவங்க ஊர்ல ஒரு காடு கீடு கெடையாதுங்களா?"